கிளிநொச்சிப் பக்கம் ஈரக் கடற்பாசிப் பொதி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

போன மாதம் கிளிநொச்சியில் ஒரு விற்பனைச் சந்தையில் கால் கிலோ கடற்பாசிப் பொதி இரண்டு வாங்கினேன். ஒன்று 600 ரூபாய். "கழுவித் துப்புரவாக்கினது அக்கா, அப்படியே பச்சையாகச் சம்பல் போடலாம்" என்றான் விற்ற தம்பி. பொதியில் பச்சை எழுத்தில் 'இயற்கை உணவு' என்று மட்டும் இருந்தது. பொதி செய்த திகதி இல்லை, காலாவதித் திகதி இல்லை, முகவரியும் இல்லை. இதையெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பொதியை இரண்டு தரம் அலசி, வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, தேசிக்காய்ப் புளி விட்டுச் சம்பல் போட்டேன். அலசும்போது மணல் வந்தது. கடல் சாமான்தானே என்று விட்டுவிட்டேன்.

விடியப்புறம் மாமாவுக்குச் சத்தி தொடங்கியது. மத்தியானத்துக்குள் சம்பல் சாப்பிட்ட நான்கு பேருக்கும் வயிற்றோட்டம். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்) கரைத்துக் குடித்து மூன்று பேர் தேறிவிட்டோம். மாமாவுக்கு 74 வயது. கண் உள்ளே போய், நாக்கு வறண்டு, எழுந்து நிற்க முடியாமல் போய்விட்டார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். மகளும் எங்களோடு அதே சோறு, அதே பருப்பு, அதே மீன்குழம்புதான் சாப்பிட்டாள். சம்பலின் வாசம் பிடிக்கவில்லை என்று அதை மட்டும் தொடவில்லை. அவளுக்கு ஒன்றுமே வரவில்லை.

ஆஸ்பத்திரியால் வந்து பார்த்தால், குசினித் தட்டில் இருந்த மற்றப் பொதி தலையணை மாதிரி ஊதிக் கிடந்தது. கத்தி நுனியால் ஒரு மூலையைக் கிழித்ததும் புளித்த வாடை. ஒரு பிடியை எடுத்துத் தண்ணீர்ச் சட்டியில் போட்டேன். அடியில் மணல், பாசியைக் கயிற்றில் கட்டும் நீல நைலோன் நூல் ஒரு துண்டு, ஓர் ஆட்டுப் புழுக்கை. இதே மாதிரிப் பொதியைத்தான் என் வீட்டாருக்குப் பச்சையாகக் கொடுத்திருக்கிறேன் என்று நினைக்க இன்னும் நெஞ்சு பதறுகிறது.

தம்பிக்கு அழைத்தேன். "உப்புக்குள்ள கிருமி நிற்காது அக்கா, நீங்கள் பழுதான மீன் சாப்பிட்டிருப்பீங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் எடுக்கவே இல்லை.

பூநகரிக் கரையில் பாசி வளர்க்கும் தெரிந்த அக்கா ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். அவர்கள் கயிற்றில் கட்டி வளர்ப்பது பெரும்பாலும் கப்பாபைகஸ் என்ற இனம், 45 நாள் மட்டில் அறுவடை. காய்ந்தபின் கராஜீனன் என்ற கெட்டியாக்கும் பொருளை எடுக்கிற தொழிற்சாலைகளுக்குப் போகும். அங்கே காரக் கரைசலில் சூடாக்குவார்கள் என்பதால் கரையில் மணலில் காய்ந்தாலும் பெரிய குறையில்லை. "அது தின்கிறதுக்கென்று காயவைக்கிற சாமான் இல்லை பிள்ளை, தின்கிறதென்றால் பரணில் வலை விரித்துத்தான் காயவைக்க வேணும்" என்றார். தொழிற்சாலைக்குக் காய்ந்ததை யாரோ மலிவாக வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து, பையில் அடைத்து உணவென்று விற்றிருக்கிறார்கள் என்பதுதான் என் முடிவு. வெயிலில் முதுகு கருகப் பாசி கட்டும் பெண்களின் பெயரையும் சேர்த்துத்தான் இந்த வியாபாரி கெடுக்கிறான்.

அவன் சொன்ன உப்புக் கதையை நம்ப வேண்டாம். விப்ரியோ என்ற பக்ரீரியாவுக்கு உப்புத் தண்ணீர்தான் வீடு, கடல் சூடாக இருந்தால் இன்னும் பெருகும். பசிலஸ் சீரியஸ் என்ற இன்னொரு பக்ரீரியாவின் வித்துகள் வெயிலில் காய்ந்தாலும் சாகாது, கொதித்தாலும் தப்பும். ஊறவைத்ததும் மறுபடி முளைக்கும். ஆட்டுப் புழுக்கை, பறவை எச்சம், மலக்குழிக்குப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் என்று வந்தால் சல்மோனெல்லா, ஈகோலை என்ற குடல் கிருமிகளும் சேரும். 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில் இவை வேகமாகப் பெருகும். எங்கள் ஊர் மேசையில் நாள் முழுக்கக் கிடக்கும் ஈரப் பொதி எந்தச் சூட்டில் இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். தேசிக்காய்ப் புளியை நம்பியும் இருக்க முடியாது. ஹவாயில் 2016 இல் பண்ணையில் வளர்த்த கடற்பாசியால் சல்மோனெல்லா பரவி 14 பேர் நோயாளியானார்கள்.

வாங்குவதென்றால் நொறுங்குகிற அளவுக்குக் காய்ந்த, திகதியும் முகவரியும் உள்ள பொதியாகப் பாருங்கள். ஈரப் பாசி என்றால் ஐஸில் வைத்திருந்தால் மட்டும் வாங்குங்கள். நல்ல தண்ணீரில் பல தரம் அலசி, கொதிக்கவைத்து, அன்றே சாப்பிட்டு முடியுங்கள். வயதானவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பச்சையாகக் கொடுக்கவே வேண்டாம். ஊதிய பொதியை ருசி பார்க்காதீர்கள்.

நான் மிச்சப் பாசியைப் பிரிட்ஜில் வைத்திருந்து, பொதியோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுத்து முறைப்பாடு எழுதிவிட்டேன். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்க அவருக்கு அதிகாரம் இருக்கிறது. உங்களிடமும் இப்படியான பொதி இருந்தால் வீசாமல் கட்டிக் கொண்டுபோய்க் கொடுங்கள். போன கிழமை முல்லைத்தீவுப் பக்கம் ஒரு சந்தையிலும் அதே பொதியைக் கண்டதாகத் தங்கை சொன்னாள்: கண்ணாடிப் பொலித்தீன் பை, பச்சை எழுத்து, வாயில் சிவப்பு ரப்பர் வளையம்.