மேப்பிள் லீவ்ஸ் 2024-25: ஒரு முழு சீசனைப் பாவித்துப் பார்த்த அனுபவம்

ஒஸ்டன் மத்தியூஸ் தன் முதல் ஆட்டத்திலேயே நாலு கோல் அடித்த 2016 அக்டோபரிலிருந்து என்ஹெச்எல் லீக்கில் விளையாடும் ஐஸ் ஹொக்கி அணியான ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அன்றைக்கும் தோல்விதான், ஒட்டாவாவிடம் 5-4. இந்த அணியைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஸ்காபரோப் பக்கம் புதிதாக வந்து சேர்கிற பொடியள், "அண்ணா, ஹொக்கி பார்க்கத் தொடங்கலாமா? எங்களுக்கு விளங்குமா?" என்று கேட்பதுண்டு. அவர்களுக்கு வாயால் சொல்லி வந்ததை இந்த முறை எழுதிவிடலாம் என்று நினைத்தேன். அதற்கு 2024-25 சீசன் நல்ல உதாரணம். நல்லதும் கெட்டதும் மிச்சமில்லாமல் அந்த ஒரே சீசனில் கிடைத்தன.

முதலே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை நடந்த 82 ஆட்டங்கள் ஒரு பொருள். அதற்குப் பிறகு, சம்பியன் யாரென்று முடிவுசெய்ய வரும் பிளேஓஃப் சுற்றுகள் இன்னொரு பொருள். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கிறார்கள். முதலாவதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

இந்த ஊரில் டிசம்பர் மாதத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் வெளியே போகவும் மனம் வராது, நித்திரைக்கும் நேரமாகாது. அந்த ஓட்டையை இந்த விளையாட்டு சரியாக அடைக்கிறது. பெரும்பாலான ஆட்டங்கள் ஏழு மணிக்குத் தொடங்கும். இருபது நிமிடப் பகுதிகள் மூன்று, இடையில் பதினெட்டு நிமிட ஓய்வு இரண்டு. முதல் ஓய்வில் சாப்பாடு, இரண்டாவதில் பிள்ளைகளின் அடுத்த நாள் சாப்பாட்டுப் பெட்டி. பத்து மணிக்கு முன் எல்லாம் முடிந்துவிடும். வாரத்தில் மூன்று தடவை, சில வாரம் நாலு. தோற்றால்கூட இரண்டு நாளில் அடுத்தது வந்துவிடுவதால் கவலை ஊறிப்போக நேரமில்லை.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு முதல் சில வாரம் கஷ்டம்தான். பந்துக்குப் பதிலாக இங்கே பக். மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலத் தடிப்புமான கறுப்பு றப்பர் வில்லை அது. மறுபக்கத்து ஓரத்துக்குப் போனால் தொலைக்காட்சியில் தெரியவே தெரியாது. பக்கைத் தேடாதீர்கள். ஆட்களின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள், பக் அங்கேதான் இருக்கும். அப்புறம், வீரர்கள் முக்கால் நிமிடத்துக்கு ஒருதரம் வெளியே குதித்து, அடுத்தவர்கள் உள்ளே பாய்வதைக் கவனியுங்கள். யார் யாரோடு இறங்குகிறார்கள், எதிரணியின் எந்த வரிசைக்கு எதிராக இறங்குகிறார்கள் என்பது பிடிபட்டுவிட்டால் ஆட்டத்தின் பாதி விளங்கிவிடும். மற்ற விதிகள் தானாக வரும். எனக்கு ஐசிங் என்ற ஒரு விதி விளங்கவே ஒரு குளிர்காலம் போனது.

சரி, இந்த சீசனுக்கு வருவோம். 2024 மே மாதத்தில் பயிற்சியாளர் ஷெல்டன் கீஃபை அனுப்பிவிட்டு கிரெய்க் பெரூபியைக் கொண்டுவந்தார்கள். 2019இல் சென் லூயிஸ் அணிக்கு லீக்கின் சம்பியன் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணம் வென்று கொடுத்தவர் அவர். கீஃப் காலத்து ஆட்டம் கண்ணுக்கு அழகு, பக்கைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார்கள். பெரூபிக்கு அதில் பொறுமை கிடையாது. பக்கை எதிராளியின் மூலைக்கு அடி, ஓடிப்போய் உடம்பால் மோதிப் பறி, சொந்தக் கோல் வாசலில் ஒருத்தரையும் நிற்கவிடாதே. அவ்வளவுதான் அவருடைய பாடம்.

விளைவாக ஆட்டம் கொஞ்சம் வறண்டது. அதை ஒளிக்கத் தேவையில்லை. முந்திய சீசனில் 69 கோல் அடித்த மத்தியூஸ் இந்த முறை காயத்தோடு மல்லுக்கட்டி 33இல் நின்றார். ஜனவரியில் சில செவ்வாய்க்கிழமைகளில் நான் சோபாவிலேயே தூங்கியிருக்கிறேன். ஆனால் வெற்றிகள் வந்துகொண்டே இருந்தன. கோல் காப்பாளர்கள் அந்தனி ஸ்டோலார்ஸும் ஜோசப் வோலும் மாறி மாறி நின்றார்கள். முன்பெல்லாம் லீவ்ஸ் ஒரு கோல் முன்னணியில் இருந்தால் கடைசி ஐந்து நிமிடம் நெஞ்சு படபடக்கும். இந்த சீசனில் அந்தப் படபடப்பு வெகுவாகக் குறைந்தது. அதற்குப் பெரிய காரணம் புதிதாக வந்த பின்கள வீரர் கிறிஸ் டனேவ். எதிராளி அடிக்கிற பக்கின் முன்னால் தன் உடம்பைக் கிடத்துவதையே தொழிலாகக் கொண்ட மனிதர். கோல் அடிக்கமாட்டார், செய்தியில் வரமாட்டார். என்னைக் கேட்டால் இந்த சீசனில் பார்க்க வேண்டிய ஆள் அவர்தான்.

52 வெற்றி, 108 புள்ளி, லீக்கில் லீவ்ஸ் இருக்கும் அட்லாண்டிக் பிரிவில் முதலிடம். 82 ஆட்டம் கொண்ட முழு சீசன் ஒன்றில் லீவ்ஸ் தங்கள் பிரிவில் முதலாவதாக வந்தது 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு இதுதான். மிட்ச் மார்னர் முதல் தடவையாக நூறு புள்ளியைத் தாண்டி (வீரர் கணக்கில் புள்ளி என்றால் அடித்த கோலும் கோலுக்குக் கொடுத்த உதவியும்) 102இல் முடித்தார். வில்லியம் நைலாண்டர் 45 கோல். தலைவர் பதவியை மத்தியூஸிடம் கொடுத்துவிட்டு இறங்கிய ஜோன் தவாரஸ், சுமை இறக்கியவர்போல விளையாடி 38 கோல் அடித்தார். மனிதரின் முகமே மாறியிருந்தது.

பிப்ரவரியில் நாலு நாடுகள் போட்டிக்காக சீசனை இரண்டு வாரம் நிறுத்தினார்கள். அதையும் இந்தப் பொருளோடு வந்த இலவசமாகத்தான் கணக்கெடுக்கிறேன். அமெரிக்க அணிக்குத் தலைவர் நம் மத்தியூஸ். கனடா அணியில் நம் மார்னர். இந்த இரண்டு அணிகளுக்கும் இறுதி ஆட்டம் பொஸ்டனில், மேலதிக நேரத்தில் மார்னர் கொடுத்த பக்கைக் கனடாவின் கொனர் மக்டேவிட் உள்ளே போட்டார், 3-2. அமெரிக்காவோடு வந்த வரிச் சண்டையால் ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஹொக்கி பக்கமே தலைவைத்துப் படுக்காத என் மாமிகூட அன்றிரவு தொலைபேசி எடுத்து, "தம்பி, வென்றிட்டமாம்!" என்றார்.

பார்ப்பதற்கான ஏற்பாடு மட்டும் தலையிடி. 2024-25இல் சனிக்கிழமை ஆட்டங்களை சிபிசி தொலைக்காட்சியில் காசு இல்லாமல் பார்க்க முடிந்தது. மற்ற நாட்களில் சில ஆட்டம் ஸ்போர்ட்ஸ்நெட்டில், சில டிஎஸ்என்னில், அந்த சீசனில் புதிதாகத் திங்கட்கிழமை ஆட்டங்கள் அமேசான் பிரைமில் வந்தன. முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் ஒன்றுக்கு மேற்பட்ட சந்தா தேவைப்பட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, சனிக்கிழமையோடு தொடங்குங்கள். ருசி பிடித்தால் மற்றதைப் பிறகு யோசிக்கலாம். பஞ்சாபியில் 2008 முதல் நேர்முக வர்ணனை இருக்கிறது. எனக்கு ஒரு சொல்லும் விளங்காது, ஆனாலும் சிலவேளை அதைத்தான் போடுவேன். அவர்களுடைய உற்சாகம் பெரூபியின் வறண்ட ஆட்டத்துக்குக் கறிவேப்பிலை தாளித்துப் போட்டதுபோல இருக்கும்.

அரங்கில் போய்ப் பார்ப்பது வேறு கதை. இந்த லீக்கிலேயே விலை கூடிய ரிக்கெற்றுகளில் லீவ்ஸ் ரிக்கெற்றும் ஒன்று. ஒரு குடும்பம் மேல்தட்டில் போய் உட்கார்ந்து வரும் காசில் ஊருக்கு ஒரு விமான ரிக்கெற்றில் கால்வாசி போய்விடும். ஒருதடவை மறுவிற்பனைத் தளம் ஒன்றில் வாங்கினேன். பட்டியலில் இருந்த விலைக்கும் கடைசியில் அட்டையில் ஏறிய விலைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அந்தக் குளிர்ந்த காற்றும், சறுக்குக் கத்தி பனியைக் கீறும் சத்தமும், உடம்பு பலகையில் மோதும்போது வரும் அதிர்வும் தொலைக்காட்சியில் கிடைக்காதவை. வாழ்க்கையில் ஒருமுறை போகலாம்.

அதற்கு மலிவான வழியும் இருக்கிறது. லீவ்ஸின் இளைய அணியான மார்லீஸ், எக்ஸிபிஷன் வளாகத்தில் உள்ள கொக்கா-கோலா கொலிசியத்தில் விளையாடுகிறது. வோல் அங்கே நின்று வளர்ந்தவர்தான். பெண்கள் லீக்கின் ரொறன்ரோ செப்டர்ஸும் இந்த சீசனில் அதே அரங்குக்கு வந்துவிட்டார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போக நான் அதைத்தான் சொல்வேன். பனித்தளம் கிட்ட, விலை குறைவு, கூட்டமும் சத்தமும் குறைவில்லை.

இனி மற்றப் பொருள், பிளேஓஃப்.

முதல் சுற்றில் ஒட்டாவா. ஒவ்வொரு சுற்றும் அதிகபட்சம் ஏழு ஆட்டம், நாலு வென்றவர் அடுத்த சுற்றுக்குப் போவார். 3-0 என்று முன்னால் போய், அடுத்த இரண்டைத் தோற்று, ஊரை நடுங்கவைத்து, ஆறாவது ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் மக்ஸ் பச்சரெட்டி அடித்த கோலால் தப்பினார்கள். இரண்டாவது சுற்றில் நடப்புச் சம்பியன் புளோரிடா. முதல் இரண்டு ஆட்டமும் நமக்கு. ஆனால் முதல் ஆட்டத்திலேயே சாம் பெனட்டின் முழங்கை ஸ்டோலார்ஸின் தலையில் பட்டது. அதற்குப் பிறகு அந்தத் தொடரில் அவர் விளையாடவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் 3-1 என்று முன்னால் நின்றோம். மேலதிக நேரத்தில் முடித்தவர் பிராட் மார்ஷண்ட். பொஸ்டனில் இருந்தபோது 2013, 2018, 2019, 2024 என்று நாலு தடவை ஏழாவது ஆட்டத்தில் நம்மை வீட்டுக்கு அனுப்பியவர். மார்ச் மாதத்தில்தான் புளோரிடாவுக்கு மாறினார். எங்கே போனாலும் நம் வழியில்தான் நிற்கிறார்.

ஆறாவது ஆட்டத்தை வோலும் மத்தியூஸும் அங்கே போய் 2-0 என்று வென்று வந்தார்கள். மே 18, ஏழாவது ஆட்டம், சொந்த அரங்கு. 6-1 தோல்வி. ஐந்தாவதும் அதே அரங்கில் அதே 6-1. பார்வையாளர்கள் ஜேர்சியைக் கழற்றிப் பனித்தளத்தில் எறிந்தார்கள். 2013இலிருந்து லீவ்ஸ் விளையாடிய ஏழாவது ஆட்டங்கள் ஏழும் தோல்வி. கிண்ணம் கடைசியாக வந்தது 1967இல்.

"மனத்திடம் இல்லை" என்று வானொலியில் எல்லோரும் கத்தினார்கள். எனக்கு அது முழுக் காரணமாகத் தெரியவில்லை. ஓர் அணி தன் வீரர்களுக்குக் கொடுக்கலாம் என்று லீக் வைத்த சம்பள உச்சவரம்பு அந்த சீசனில் 88 மில்லியன் டொலர். மத்தியூஸ், நைலாண்டர், தவாரஸ், மார்னர் நால்வருக்குமே 46 மில்லியனுக்கு மேல் போய்விட்டது. மிச்சத்தில்தான் மற்ற எல்லோரையும் பிடிக்க வேண்டியிருந்தது. ஜனவரியில் களைத்த எதிரணிகளுக்கு எதிராக அந்த நால்வரே போதும். மே மாதத்தில் ஒரே அணி இரண்டு வாரம் அந்த நால்வரை மட்டும் பூட்டிவைத்தால் மூன்றாம், நாலாம் வரிசை கோல் அடிக்க வேண்டும். புளோரிடாவிடம் அந்த வரிசைகள் இருந்தன. மார்ஷண்ட் விளையாடியதே அவர்களுடைய மூன்றாவது வரிசையில்தான்.

அதற்குப் பிறகு கலைப்பு தொடங்கியது. தலைமை நிர்வாகி பிரெண்டன் ஷனஹானின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. தவாரஸ் சம்பளத்தைப் பாதிக்கும் கீழே இறக்கிக்கொண்டு தங்கினார். மார்னர் லாஸ் வேகஸுக்குப் போய்விட்டார், எட்டு வருட ஒப்பந்தம். ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளையை ஊரே ஏசி அனுப்பியதில் எனக்கு உடன்பாடில்லை. 102 புள்ளி எடுத்தவரின் இடத்தை நிரப்ப ஆளில்லை.

அக்டோபரில் சந்தாவைத் திரும்பவும் கட்டுவேன், ஏப்ரல் வரைக்கும். பிளேஓஃப் ரிக்கெற்றுக்கு ஒரு சதமும் கொடுக்கமாட்டேன். அதை மச்சான் வீட்டில் போய்ப் பார்க்கலாம், அவனிடம் பெரிய தொலைக்காட்சி இருக்கிறது.