படத்தோடு பதிந்த சப்டைட்டில்: வெட்டுவதா, பூசுவதா, நிரப்புவதா?

என்னிடம் சில பழைய ஆவணப்பட ஃபைல்கள் இருக்கின்றன. எல்லாமே 720×576 அளவு. அடியில் எனக்குத் தேவையில்லாத ஒரு மொழியில் சப்டைட்டில். எம்கேவி என்ற வகை வீடியோ ஃபைலுக்குள் தனி டிராக்காக இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் கழற்றியிருப்பேன். இது படத்தோடு பதிந்த எழுத்து; அதற்கு அடியில் இருந்த காட்சி அந்த ஃபிரேமில் இல்லவே இல்லை. மூன்று வழிகளையும் செய்து பார்த்துவிட்டு, கடைசியில் நிரப்புவதில் நின்றேன்.

வெட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எழுத்து கறுப்புப் பட்டைக்குள் இருந்தால் யோசிக்காமல் வெட்டிவிடுங்கள். என் ஃபைல்களில் படத்தின் மேலேயே இருந்தது. அடியிலிருந்து 90 பிக்சல் வரிகளை வெட்டியெடுத்தால், பேசுபவரின் கைகளும் அவர் காட்டும் பொருளும் சேர்ந்து போய்விடும்.

அடுத்தது பூசுவது. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ கருவியில் உள்ள டீலோகோ ஃபில்டர், நாம் குறிக்கும் செவ்வகத்தின் ஓரத்துப் பிக்சல்களை வைத்து உள்ளே பூசுகிறது. வசனம் வரும் நொடிகளில் மட்டும் ஓடும்படி நேரம் கொடுக்கலாம். வேகமாக முடியும், கிராபிக்ஸ் கார்டும் தேவையில்லை. சுவர், வானம் என்றால் இதுவே போதும். கட்டம் போட்ட சட்டையோ புல்லோ வந்தால் பிசுபிசுவென்று ஒரு பட்டை தெரியும்.

நிரப்புவது என்றால், எழுத்துக்கு அடியில் என்ன இருந்திருக்கும் என்று ஏஐ மாடல் ஊகித்து வரைவது. இதில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே விஷயம்: ஓடும்போது அந்த இடம் துடிக்கிறதா இல்லையா. முதலில் லாமா என்ற, படங்களை நிரப்பும் மாடலைப் போட்டேன். நிறுத்திப் பார்த்தால் எழுத்து இருந்த சுவடே இல்லை. ஓடவிட்டேன், அந்த இடம் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. அது ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் படமாகப் பார்த்து ஊகிக்கிறது. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால், 3 நொடி வசனத்துக்கு 75 தனித்தனி ஊகங்கள். அதனால் ஸ்டில் படத்தைப் பார்த்து எந்தக் கருவியையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

எஸ்டிடிஎன், புரோபெயின்டர் போன்ற, வீடியோவுக்கென்றே உள்ள மாடல்கள் பக்கத்து ஃபிரேம்களையும் பார்க்கின்றன. கேமரா கொஞ்சம் நகர்ந்தாலும் இங்கே மறைந்திருப்பது அங்கே தெரியும்; அதை எடுத்து இங்கே வைக்கும். கேமரா அசையாமல் நின்றால்? எழுத்து தோன்றுவதற்கு முன்பும் மறைந்த பிறகும் உள்ள சில ஃபிரேம்களை மாஸ்க் (நிரப்ப வேண்டிய இடத்தைக் காட்டும் குறி) போடாமல் சேர்த்துக் கொடுங்கள். அடியில் இருந்த நிஜமான படம் அங்கேதான் இருக்கிறது. இது புரிந்த பிறகுதான் எனக்கு வேலை பிடிபட்டது. ஆனால் காட்சி மாறும் இடத்தைத் தாண்டிக் கொடுத்தால், அடுத்த காட்சியின் நிறம் இதற்குள் கசிந்துவிடலாம்.

மாஸ்க்கை எழுத்தின் விளிம்போடு நிறுத்தவும் கூடாது. பழைய ஃபைல்களில் எழுத்தைச் சுற்றிக் கம்ப்ரெஷனால் வந்த அழுக்கு இருக்கும். சில பிக்சல் அகலமாக்கி அதையும் மூடாவிட்டால், அழித்த இடத்தில் எழுத்தின் நிழல் மிஞ்சும். இன்டர்லேஸ் ஆன (ஒன்றுவிட்ட வரிகள் வேறுவேறு நேரத்தில் பதிந்த) வீடியோவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் சீப்புப் பல் போன்ற கோடுகளையும் சேர்த்து நிரப்பிவைக்கும். நிரப்பிய இடம் மட்டும் வழவழவென்று இருந்தால், மற்ற இடத்துக்கு ஈடாக லேசாகப் புள்ளி இரைச்சல் சேர்த்தால் ஒட்டிக்கொள்ளும்.

நான் முழு ஃபைல்களுக்கும் எஸ்டிடிஎன்தான் பயன்படுத்தினேன். புரோபெயின்டரைச் சிறு துண்டுகளில் மட்டுமே ஓட்டியிருக்கிறேன். வேகமாக அசையும் காட்சிகளில் அது இன்னும் நன்றாக வந்தது, ஆனால் கிராபிக்ஸ் கார்டின் மெமரியை அப்படி விழுங்குகிறது. அந்த ஒரு சில துண்டுகளை வைத்து அதுதான் மேல் என்று சொல்ல மாட்டேன்.

ஓடும் தண்ணீர் மேல் எழுத்து வந்த இரண்டு இடங்களில் எதுவுமே சரிவரவில்லை. அங்கே டீலோகோவால் பூசி, அதன் மேலேயே எனக்கு வேண்டிய சப்டைட்டில் வருமாறு தனி டிராக்காக வைத்துவிட்டேன்.