இல்லம் தேடிக் கல்வி: எங்கள் தெருத் திண்ணை வகுப்பு

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது என் மகள் யு.கே.ஜி. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை 2021 நவம்பர் 1-இல் திரும்பத் திறந்தபோது அவள் இரண்டாம் வகுப்பு, ஆனால் ஒன்றாம் வகுப்பு அறையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நடுவில் பணம் கட்டிச் சேர்த்த ஓர் ஆன்லைன் வகுப்பில் பிள்ளைகளை மியூட்டில் வைத்தே பாடம் நடத்தினார்கள், எழுத்து வந்தது, சிநேகிதி ஒருத்திகூட வரவில்லை. யாராவது பெயர் கேட்டால் என் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வாள்.

அப்புறம்தான் இந்த வகுப்பு, கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்டத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த 'இல்லம் தேடிக் கல்வி'. சாயங்காலம், ஒரு தன்னார்வலர் அக்கா, சுமார் 20 பிள்ளைகள், கட்டணம் கிடையாது. முதல் வாரம் பக்கத்துப் பையன் ரப்பர் கேட்டதற்கு அதைக் கைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு அழுதாள், பாவம், இரண்டு வருஷமாக வீட்டில் யாரோடு பகிர்ந்திருப்பாள்? அக்கா அதட்டவில்லை. நான்கு பேரை வட்டமாக உட்காரவைத்து நடுவில் ஒரே ஒரு ரப்பரை வைத்தார், அவ்வளவுதான். மூன்றாம் வாரம் "இன்னைக்கு நான்தான் கதை சொல்லுவேன்" என்று இன்னொரு சிறுமியோடு மல்லுக்கு நின்றாள். அந்தச் சண்டையைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மார்க்குக்காக மட்டும் அனுப்பாதீர்கள். அந்த அக்காவுக்கு அப்போது மாதம் 1000 ரூபாய்தான் ஊக்கத்தொகை. என் தரப்பில் ஐந்துக்கு ஐந்து.