நிற்கும் பந்தா, தூக்கிப்போடும் பந்தா?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரின் கடலோர மணல் திடலில், பேஸ்பாலைப் போன்ற ஆட்டமான சாஃப்ட்பாலின் மட்டைவீச்சைக் கற்றுக்கொடுக்க, டீ எனப்படும் தாங்கியில் பந்தை நிறுத்தி அடிக்கச் செய்யலாம். பக்கவாட்டிலிருந்து மெதுவாகத் தூக்கிப்போட்டும் அடிக்கச் செய்யலாம். தொடக்கநிலை மாணவிக்குத் தாங்கியே மேல் என்பேன். பந்து அசையாமல் நிற்பதால், பின்காலின் குதிகால் எழுந்து, இடுப்பு முதலில் திரும்பி, கைகள் அதன் பின்னே வருகின்றனவா என்பதை ஒவ்வொரு வீச்சிலும் பார்த்துத் திருத்த முடிகிறது. பின்பாதம் திரும்பிய இடத்தில் மணலில் சிறு குழி விழுந்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் கைகள் மட்டுமே அடித்திருக்கின்றன.

தூக்கிப்போடும் பந்து நேரக்கணிப்பைக் கற்றுத்தருகிறது; மகளிர் ஆட்டத்தில் 43 அடி தொலைவிலிருந்து வீசப்படும் பந்தை எதிர்கொள்ள அது இன்றியமையாதது. ஆனால் பிற்பகலில் கடற்காற்று வலுக்கும்போது மெதுவாகப் போடும் பந்து விலகிப்போக, அதைத் துரத்தும் கைகள் பழைய தவறுக்கே திரும்பிவிடுகின்றன. அந்தப் பயிற்சியைக் காற்று அடங்கிய காலை வேளையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.