ஆசிரியர்களுக்கான அலபாமா டூர்: போகலாமா?

அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஏற்றிக்கொண்டு, அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம், மான்ட்கோமரி, செல்மா என்று சுற்றிக்காட்டும் பஸ் டூர் இது. கறுப்பின மக்களின் சிவில் உரிமைப் போராட்டம் நடந்த இடங்கள், ஆசிரியர்களுக்கென்றே தயாரித்த திட்டம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். நான் சார்லட்டில் எட்டாம் வகுப்புக்கு சோஷியல் ஸ்டடீஸ் எடுக்கிறேன். கோடை விடுமுறையில் எங்கள் பள்ளியிலிருந்து ஒரு கூட்டமாகக் கிளம்பினோம். நடத்தியவர்களின் பெயர் இங்கே வேண்டாம். இதே பாதையில் பலரும் கூட்டிப்போகிறார்கள்.

பஸ், ஏசி, ஹோட்டல் எதிலும் குறையில்லை. குறை நேரத்தில்தான்.

பர்மிங்ஹாமில் 16வது தெரு பாப்டிஸ்ட் சர்ச்சுக்குத் தாராளமாக நேரம் கொடுத்தார்கள். 1963 செப்டம்பர் 15 அன்று குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்த இடம், கொடுக்க வேண்டியதுதான். ஆனால் எதிரிலிருக்கும் கெல்லி இங்ராம் பார்க்கை அவசர அவசரமாக முடித்துவிட்டார்கள். அங்கே, ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் நாய்களை ஏவியதன் நினைவாக, நடைபாதையின் இரு பக்கச் சுவர்களிலிருந்தும் நாய்கள் பல்லைக் காட்டிக்கொண்டு பாய்கிற மாதிரி ஒரு சிற்பம். நடுவில் நுழைந்துதான் போகவேண்டும். என்னை அறியாமல் கையை மார்போடு சேர்த்துக்கொண்டேன்.

அந்த வருடம் மே 2 அன்று இனப் பிரிவினையை எதிர்த்து சர்ச்சிலிருந்து ஊர்வலம் கிளம்பியது பள்ளிப் பிள்ளைகள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மாநகராட்சிப் பள்ளிகளிலிருந்து நீக்க உத்தரவு போட்டார்கள். கோர்ட் தலையிட்டுத்தான் திரும்பச் சேர்த்தார்கள். பார்க்கர் ஹைஸ்கூலில் கேட்டைப் பூட்டியும் பிள்ளைகள் ஏறிக் குதித்துப் போனார்கள். வேறு சில வகுப்புகளில் டீச்சர்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்களாம், போகிறவர்கள் போகட்டும் என்று. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம் என்று பஸ்ஸில் பேச்சு சூடுபிடித்தது. “நான் பூட்டியிருப்பேன், பிள்ளைக்கு ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது?” என்றார் கணக்கு டீச்சர். “பூட்டினவருக்கும் வேலை போய்விடும் என்ற பயம் இருந்திருக்கும்” என்றார் எங்கள் லைப்ரேரியன், அவர் கறுப்பினத்தவர். அதற்குள் மைக்கில் மதியச் சாப்பாட்டு அறிவிப்பு வந்துவிட்டது. ஆசிரியர்களுக்கான டூர் என்றால் அந்தப் பேச்சுக்கல்லவா ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும்?

சாப்பாடு என்றதும் ஒன்று: சைவக்காரர்கள் காலர்ட் கீரையைப் பார்த்து மகிழ வேண்டாம். பெரும்பாலும் பன்றி இறைச்சி போட்டுத்தான் வேகவைக்கிறார்கள். மக்காச்சோள ரொட்டி காப்பாற்றும்.

மான்ட்கோமரி மட்டுமே தனியாகப் போகத் தகுந்தது. பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்து ரோசா பார்க்ஸ் 1955 டிசம்பர் 1 அன்று கைதானதும், 381 நாள் பஸ் புறக்கணிப்பு நடந்ததும் இங்கேதான். கும்பலால் அடித்தும் தூக்கிலிட்டும் கொல்லப்பட்ட கறுப்பினத்தவர்களுக்கு 2018ல் திறந்த நினைவிடம் வெட்ட வெளியில் இருக்கிறது. 800க்கும் மேற்பட்ட துருப்பிடித்த இரும்புத் தூண்கள், கவுன்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒன்று. முதலில் கண்ணுக்கு நேரே நிற்கின்றன. தளம் சரியச் சரிய அதே தூண்கள் தலைக்கு மேலே தொங்குகின்றன. எல்லாரும் அவரவர் கவுன்டியைத் தேடினோம். சார்லட் இருக்கும் எங்கள் மெக்லன்பர்க்கும் இருந்தது. கூடவே லெகசி மியூசியம். உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது, அதுவே நல்லது. மியூசியத்துக்கும் நினைவிடத்துக்கும் ஒரு முழு நாளாவது வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது அரை நாள்.

செல்மாவில் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைப் பற்றி கைடு அருமையாகச் சொன்னார். 1965 மார்ச் 7 அன்று வாக்குரிமை கேட்டு சுமார் 600 பேர் நடந்து வர, போலீஸ் எதிர்ப்பக்கம் தடியோடு நின்றது. பாலம் நடுவில் வளைந்து உயர்வதால் உச்சிக்குப் போகும்வரை அந்தக் கரை தெரியாது. நடந்து பார்த்தால்தான் இது உறைக்கும்.

ஆனால் அதே வருடம் ஜனவரி 22 பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்று செல்மாவின் கறுப்பின ஆசிரியர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், வாக்காளராகப் பதியும் உரிமை கேட்டு டல்லாஸ் கவுன்டி கோர்ட்டுக்கு ஊர்வலமாகப் போனார்கள். ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும் என்று கையோடு டூத்பிரஷ் வேறு. ஷெரிஃப் ஜிம் கிளார்க்கும் ஆட்களும் படியிலிருந்து தடியால் நெட்டித் தள்ளினார்கள். முன்னால் நின்ற எஃப். டி. ரீஸ் பாதிரியார், அதே ஊர்ப் பள்ளியில் ஆசிரியர். சம்பளம் கொடுப்பது வெள்ளையர் பள்ளி வாரியம். ஒரு கையெழுத்தில் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். கோர்ட் கட்டடம் பாலத்திலிருந்து நடக்கிற தூரம்தான். கைடிடம் கேட்டேன். “திட்டத்தில் இல்லையே மேடம்” என்றார். மற்றவர்கள் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டிருந்தபோது நானும் லைப்ரேரியனும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

ஐந்துக்கு மூன்று ஸ்டார். இடங்களுக்காக மூன்று, திட்டத்துக்காக வெட்டியது இரண்டு. யாரிடம் பதிவு செய்தாலும் அந்தக் கோர்ட் வாசலில் நிறுத்துவார்களா, மான்ட்கோமரிக்கு எத்தனை மணி நேரம் என்று பணம் கட்டும் முன்பே மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் போனால் தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கட்டாயம். நினைவிடத்தில் பாதி வெயிலில்தான்.