விடுமுறைக்குள் பழைய புல்லட் டேங்க்: எதை நாமே செய்வது, எதை வெளியில் கொடுப்பது

வீட்டுத் தாழ்வாரத்தில் பத்துப் பதினைந்து வருஷமாக நிற்கும் அப்பாவின் புல்லட்டை, வெளிநாட்டிலிருந்து வரும் மூன்று வார லீவுக்குள் ஓடவைக்க நினைத்தால் முதலில் பார்க்க வேண்டியது டேங்க். சென்னையில் டிங்கரிங், ஈயப்பற்று, பெயிண்ட் மூன்றுக்கும் நல்ல கைகள் இருக்கின்றன. துரு எடுப்பதை மட்டும் வெளியில் கொடுக்காதீர்கள். பட்டறையில் கேட்டால் பெரும்பாலும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டைத்தான் ஊற்றுவார்கள். துரு சீக்கிரம் போகும்; கூடவே நல்ல தகடும் கரையும். அடி மடிப்பில் தங்கும் குளோரைடு அடுத்த மழைக்காலத்தில் துருவைத் திரும்பக் கொண்டுவரும்.

வெளிநாட்டிலிருந்து டேங்க் சீலர் (கசிவை அடைக்க உள்ளே பூசும் பூச்சு) வாங்கி வரலாம் என்ற யோசனை வேண்டாம். தீப்பற்றும் கரைப்பான்களை விமானப் பெட்டியில் வைக்க முடியாது. தேவையானவை இங்கேயே கிடைக்கும். எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் விற்பதுதான் சிட்ரிக் ஆசிட். லிட்டருக்கு 80 கிராம் வீதம், பதினான்கு லிட்டர் சொச்சம் பிடிக்கும் டேங்குக்கு ஒன்றேகால் கிலோ போதும். அந்த அளவுக்குப் பாரிமுனைப் பக்கத்து கெமிக்கல் கடைகளே வசதி.

பழைய பெட்ரோலை வெட்டவெளியில் வடித்துவிட்டு, பெட்ரோல் டேப்பை (அடிக் குழாய்த் திருகை) கழற்றி, துளையை ரப்பர் வாஷரோடு போல்ட் போட்டு அடையுங்கள். முதலில் பழைய பெட்ரோல் காய்ந்து படிந்த பிசின் போக வேண்டும். அது படிந்த இடத்தில் ஆசிட் ஏறாது. லிட்டருக்கு 50 கிராம் வாஷிங் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு அலசுங்கள். பிறகு ஒரு மீட்டர் பழைய சைக்கிள் செயினை, முனையில் கம்பி கட்டி உள்ளே விட்டுக் குலுக்குங்கள். நட்டுகளைப் போட்டால் ஒன்றிரண்டு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். செயின் ஒரே இழுப்பில் வந்துவிடும்.

அடுத்து சிட்ரிக் கரைசலைச் சூடாக, விளிம்பு வரை ஊற்றுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், ஹைட்ரஜன் வெளியேற வழி வேண்டும். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. 24 மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறம் தெரிய வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் விட்டால் தகட்டையே அரிக்கும்.

ஊசித்துளைகள் இப்போதுதான் வெளிப்படும், துருவே அதுவரை அடைத்துக்கொண்டிருந்திருக்கும். தண்ணீர் நிரப்பி அடியில் காகிதம் விரித்து வையுங்கள். கசிந்தால் ரேடியேட்டர் ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போங்கள். மெல்லிய தகட்டில் ஈயம் வைப்பது அவர்களுக்குத் தினசரி வேலை. சோப்புத் தண்ணீரில் எத்தனை முறை கழுவியிருந்தாலும் மடிப்பில் பெட்ரோல் ஆவி இருக்கும். துளை மேலே வரும்படி சாய்த்து, அதற்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பிய பிறகே சூடு வைக்கச் சொல்லுங்கள். வெறும் டேங்கில் கேஸ் வெல்டிங் வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள், டேங்க் வெடித்து உயிர் போகும். கசிவு பார்க்க கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம், மடிப்பு உப்பிவிடும். சைக்கிள் பம்பு போதும்.

திரும்பி வந்ததும் இரண்டு மணி நேரம் மறுபடி சிட்ரிக், பிறகு லிட்டருக்கு 20 கிராம் சமையல் சோடா கலந்த நீர், கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர். போர் தண்ணீரின் உப்பு கண்ணெதிரே மஞ்சள் துருவைக் கிளப்பும். தண்ணீர் வடிந்த கையோடு 300 மில்லி ஸ்பிரிட் விட்டுச் சுழற்றி வடித்து, ஆவி முழுக்கப் போகும்வரை நிழலில் திறந்து வைத்த பிறகே ஹேர் டிரையர் காட்டுங்கள்.

துளையே இல்லையென்றால் சீலர் தேவையில்லை. தேவையென்றால் எத்தனாலைத் தாங்கும் எபாக்சிதானா என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள். ஃபைபர் வேலைக்கு விற்கும் பாலியெஸ்டர் ரெசினைச் சில பட்டறைகள் ஊற்றுகின்றன. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதில் அந்த ரெசின் இளகி, தோலாக உரிந்து, கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். உள்ளே ஒட்டியதைச் சுரண்டவும் வழியில்லை. நல்ல எபாக்சிக்கும் ஒரு வாரமாவது காயும் நேரம் கொடுங்கள்.

பெயிண்ட் கடைசியில்தான். மேல்பூச்சுக்கு, இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) க்ளியர் என்று அழுத்திக் கேளுங்கள், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டில் பெட்ரோல் சிந்தினால் கறை விழும். டிசம்பர் ஈரத்தில் அடித்தால் வெளுப்புப் படரும், வெயில் நாளுக்குக் காத்திருப்பது நல்லது. புல்லட் தயாரித்த திருவொற்றியூர் ஆலையில் டேங்கின் தங்கக் கோடு கையால் இழுத்தது. ஸ்டிக்கர் அதற்கு ஈடாகாது. போர்டு எழுதும் ஓவியர் எவராவது கிடைத்தால் பழைய டேங்கின் போட்டோவைக் கொடுத்து, க்ளியருக்கு முன் கோட்டை இழுக்கச் சொல்லுங்கள்.

மூடி ரப்பர், டேப் வாஷர், பெட்ரோல் டியூப் மூன்றையும் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் புதிதாக வாங்கிப் போடுங்கள்.

லீவு முடிந்து கிளம்பும்போது, வண்டி சும்மாதான் நிற்கும் என்றால் அரை டேங்க் பெட்ரோலோடு விடாதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், காலியாக இருக்கும் மேல்பாதியில் துரு பிடிக்கும். முழுக்க வடித்து, 100 மில்லி டூ-டி (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கான) ஆயில் விட்டு எல்லாப் பக்கமும் புரட்டி, மூடி, வண்டியை வீட்டுக்குள் ஏற்றிவிட்டுப் போங்கள்.