கொரோனா நிவாரணம் என்று ஆதார் கேட்டு வந்தவரை நம்பி நாங்கள் பட்ட பாடு

கள்ளக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊர். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவார், மற்ற நாட்களில் நூறு நாள் வேலை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நாங்கள் மாட்டிக்கொண்டது விவசாயிகளுக்கான பணத்தில்.

2020 ஜூலை. ஊரடங்கில் கூலி வேலையே இல்லாத நேரம். பக்கத்து ஊரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஒருவர் எங்கள் தெருவுக்கே வந்தார். “கொரோனா பணம் வந்திருக்கு, ஆதாரும் பாஸ்புக்கும் ஜெராக்ஸ் குடுங்க, கணக்குல 4,000 ரூபாய் ஏறும்” என்றார். ஏப்ரலில்தான் ரேஷன் கடையில் கார்டுக்கு 1,000 ரூபாய் கொடுத்திருந்தார்கள். இதுவும் அப்படித்தான் என்று தெருவே நம்பியது. பட்டா, சிட்டா எதையும் அவர் கேட்கவில்லை. பதிவுக்கு 500, பணம் ஏறியதும் 1,000 என்று பேச்சு.

சொன்னபடி பணம் ஏறியது. ரேகை வைக்கும் மிஷினோடு அவரே வீட்டுக்கு வந்து எடுத்துக் கொடுத்தார், தன் 1,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு. முன்பே கொடுத்த 500ஐயும் பார்த்தால் எங்களுக்கு நின்றது 2,500. மளிகைக் கடை பாக்கிக்கே அது சரியாகப் போனது.

ஆகஸ்டில் விஷயம் வெளியே வந்தது. அது பிஎம் கிசான் பணமாம். சொந்த நிலம் உள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தருகிற திட்டம். கொரோனாவுக்காக அந்த ஆண்டின் முதல் தவணையை ஏப்ரலிலேயே போடுவதாக மத்திய அரசு அறிவித்திருந்தது. தரகர்கள் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு, வேளாண் துறை பாஸ்வேர்டு வழியாக எங்களைப் போன்றவர்களையும் விவசாயி என்று ஏற்றிவிட்டார்கள். தமிழ்நாட்டில் தகுதியில்லாத 5 லட்சம் பேருக்கு மேல் சேர்க்கப்பட்டு, 110 கோடி ரூபாய்க்கு மேல் போயிருப்பதாக அரசே சொன்னது. சிபிசிஐடி விசாரித்தது, தரகர்கள் கைதானார்கள்.

அம்மாவின் கணக்கை முடக்கினார்கள். நூறு நாள் வேலைக் கூலியும் அதற்குள்ளேயே சிக்கிக்கொண்டது. 4,000 ரூபாயையும் முழுசாகக் கட்டச் சொன்னார்கள். கமிஷன் போனதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கம்மலை அடகு வைத்துக் கட்டினோம். அதைவிட, விசாரிக்க வந்தவர்கள் முன்னால் நின்று “நான் யார் காசையும் திருடல சார்” என்று அம்மா அழுததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவரை ஏமாற்றியவன் அந்த இடத்திலேயே இல்லை.

இத்தனை நாள் கழித்து எழுதக் காரணம், இப்போது பிஎம் கிசான் பெயரிலேயே வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல், அதாவது போனில் ஆப்பை ஏற்றுகிற ஃபைல், சுற்றுகிறது. அதைத் திறந்து போனில் ஏற்றினால் வங்கிக் கணக்கே மோசடிக்காரர்கள் கைக்குப் போய்விடலாம். வந்தால் உடனே அழித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து ஆதார் கேட்பவரிடம் எந்தத் திட்டம், யாருக்கு உரியது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் ஜெராக்ஸும் வேண்டாம், ரேகையும் வேண்டாம். நிலம் இருப்பவர்கள் சந்தேகம் வந்தால் 155261க்குப் போன் போடலாம், இல்லை நேராக வேளாண் அலுவலகத்துக்கே போய்க் கேட்கலாம். படிக்கத் தெரியாத அம்மா, பாட்டி, சித்தி வீட்டில் இருந்தால் இன்றைக்கே உட்கார்ந்து இதை அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.